பழைய காட்டன் சேலையில் அடுக்குப் பாவாடை: முதல்முறை தைப்பவர்களுக்கு

கட்டி அலுத்த காட்டன் சேலை ஒன்று எல்லார் வீட்டு பீரோவிலும் அடித்தட்டில் கிடக்கும். யாருக்காவது கொடுக்கவும் மனசு வராது, கட்டவும் தோன்றாது. பல வருடம் துவைத்துத் துவைத்து அந்தத் துணி பூ மாதிரி ஆகியிருக்கும். வீட்டில் போட்டுக்கொள்ளும் நீளப் பாவாடைக்கு அதைவிட நல்ல துணியைக் கடையில் தேடிப் பிடிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நான் முதலில் உருப்படியாகத் தைத்த பாவாடையும் அம்மாவின் சுங்குடிச் சேலையில்தான்.

இங்கே சொல்லப்போவது மூன்று அடுக்குப் பாவாடை. இடுப்பில் எலாஸ்டிக், பக்கத்தில் ஒரு பை. எல்லாமே நேர்க்கோட்டில் வெட்டுகிற துண்டுகள். வளைவு என்று பார்த்தால் பைக்கு மட்டும்தான். மெஷினில் நேராக ஓட்டத் தெரிந்தால் போதும், இரண்டு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

நிறையப் பேர் ஆசையாக அம்ப்ரெல்லா கட்டில் ஆரம்பிக்கிறார்கள். முதல்முறைக்கு அது வேண்டாம் என்பேன். வட்டமாக வெட்டும்போது துணியின் சில இடங்கள் குறுக்கு இழையில் விழும். தொங்கவிட்டால் அந்த இடங்கள் மட்டும் இழுபட்டு இறங்கும், கீழ் ஓரம் ஏறி இறங்கி நிற்கும். வளைந்த ஓரத்தை மடித்து அடிப்பதும் புதிய கைக்குச் சிரமம். அடுக்குப் பாவாடையில் இந்தத் தொல்லை இல்லை. நடக்கும்போது அலை அலையாக விழுவதும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும்.

சேலையைத் தேர்ந்தெடுப்பது

சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முழு நீளமும் பாருங்கள். இழை நைந்த இடம், ஊக்குக் குத்திய ஓட்டை, கறை எல்லாம் தெரியும். தோள்பட்டையில் ஊக்குக் குத்தும் இடம் பெரும்பாலும் கிழிந்தே இருக்கும். கீழ்க்கரையில் குதிகால் பட்டுப் பட்டு நூல் எழும்பியிருக்கும், ஃபால்ஸ் வேறு தைத்திருக்கும். ஆனால் அதே இடத்துக்கு நேர் மேலே, கொசுவத்தோடு இடுப்பில் செருகுகிற மேல்கரை இருக்கிறதே, அது தரையில் புரளாததால் பெரும்பாலும் தேயாமல் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தக் கரைதான். அதைத் தலைகீழாகத் திருப்பினால் பாவாடையின் கீழ் ஓரம் தயார். மடித்து அடிக்கிற வேலையே மிச்சம்.

திருப்புகிறோம் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். புள்ளி, கட்டம், கோடு என்றால் கவலையில்லை. மயில், யானை, காம்போடு நிற்கும் பூ இருந்தால் எல்லாம் தலைகீழாக நிற்கும். சுங்குடி இதற்கு மிகவும் ஏற்றது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் அடையாளமே புள்ளிகள்தான். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சுப் போட்ட இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளி புள்ளிதான்.

பட்டு, டிஷ்யூ, விறைப்பான கஞ்சிக் காட்டன் இப்போதைக்கு வேண்டாம். பட்டு வழுக்கும். விறைத்த துணியில் சுருக்கம் வைத்தால் இடுப்பைச் சுற்றிப் பொம்மென்று நிற்கும், கீழே விழாது.

கடையில் புதுத்துணி வாங்குவதானால் 44 இஞ்ச் அகலக் காட்டனில் 3 மீட்டர் கேளுங்கள். 36 இஞ்ச் அகலம்தான் கிடைக்கிறது என்றால் மூன்றரை மீட்டர். இதில் துண்டுகளைத் துணியின் நீளவாட்டில் வெட்டுவதால் டிசைன் படுக்கைவசமாக விழும். எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருக்கிற பிரிண்ட்டாகப் பாருங்கள்.

புதுத்துணியை நனைக்காமல் வெட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை அவசரத்தில் நனைக்காமல் தைத்தேன். முதல் துவைப்பிலேயே கணுக்காலில் நின்ற பாவாடை இரண்டு இஞ்ச் மேலே ஏறிவிட்டது. காட்டன் மீட்டருக்கு ஒன்றிரண்டு இஞ்ச் சுருங்குவது சாதாரணம். இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டு அளவெடுங்கள். அடர் நிறமாக இருந்தால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். அதை நம்பி நான் விட்டுவிடுவதில்லை, கடைசி அலசல் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

மூன்று அளவுகள்

இடுப்பு, சீட், நீளம். அவ்வளவுதான்.

பாவாடை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள். சிலருக்குத் தொப்புளுக்கு மேலே பிடிக்கும், சிலருக்குக் கீழே. அந்த நாடாவின் சுற்றளவுதான் இடுப்பு. சீட் என்பது பின்புறம் மிக அகலமான இடத்தின் சுற்றளவு. நின்றுகொண்டு அளந்ததும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை அளந்து பாருங்கள், கூடுதலாகவே வரும். உட்காரும்போது பிடிக்கிற பாவாடை எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுபடி எடுத்துப் போட மாட்டோம். அதனால் நின்று எடுத்த சீட் அளவோடு 8 இஞ்ச் கூட்டிக்கொள்கிறேன். நீளம், நாடாவிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை. மாடிப்படி அதிகம் ஏறி இறங்குகிறவர்கள் இன்னும் ஒரு இஞ்ச் குறைத்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு. சீட் 40, நீளம் 36 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சுற்றளவு. மேல் அடுக்கு 40-உடன் 8 சேர்த்து 48. நடு அடுக்கு அதில் ஒன்றரை மடங்கு, 72. கீழ் அடுக்கு 72-இல் ஒன்றரை மடங்கு, 108. ஒவ்வொன்றுக்கும் தையலுக்கு 1 இஞ்ச் கூட்டி 49, 73, 109 என்று வெட்ட வேண்டும். மிக மெல்லிய மல் துணியாக இருந்தால் ஒன்றரைக்குப் பதில் இரண்டு மடங்கு வரை போகலாம், ஆனால் துணி நிறைய இழுக்கும்.

அடுத்து உயரம். மூன்று அடுக்கையும் ஒரே உயரத்தில் வைத்தால் ஏணிப்படி மாதிரி இருக்கும். கீழே போகப் போக உயரம் கூடினால்தான் பார்வைக்கு நன்றாக விழும். நீளத்தை மூன்றால் வகுத்து, வருவதை நடு அடுக்குக்கு வைத்துக்கொண்டு, மேலே 2 இஞ்ச் குறைத்து, கீழே 2 இஞ்ச் கூட்டுங்கள். 36-க்கு 10, 12, 14. 39-க்கு 11, 13, 15.

மேல் அடுக்கில் எலாஸ்டிக் மடிப்புக்கு 1¾ இஞ்ச், தையலுக்கு ½ இஞ்ச் சேர்த்து 12¼. நடுவில் இரண்டு பக்கமும் தையல் வருவதால் 13. கீழ் அடுக்கில் மேல் ஓரத்துக்கு மட்டும் ½ இஞ்ச், ஆக 14½. புதுத்துணியில் கரை இல்லாததால் கீழே மடித்து அடிக்க இன்னும் 1 இஞ்ச் வேண்டும், 15½.

மூன்றையும் கூட்டினால் 39¾ இஞ்ச். சேலையின் அகலம் 45 இஞ்ச் வாக்கில் இருக்கும். அதாவது சேலையில் 2.8 மீட்டர் நீளத்துக்குள் மூன்று அடுக்கும் அடுக்கடுக்காக உட்கார்ந்துவிடும். முந்தானையை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து ஆரம்பியுங்கள். நைந்த இடம் வந்தால் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம், அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

வெட்டுவது

மேல்கரையிலிருந்து 14½ இஞ்ச் அளந்து ஒரு சின்ன வெட்டு. பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழியுங்கள். காட்டன் இழையோடு சேர்ந்து நேராகக் கிழிந்துகொண்டே போகும், சாக்பீஸ் கோடுகூட அவ்வளவு நேராக வராது. முதல்முறை கை நடுங்கும்தான். ஓரமாக ஒரு சின்னத் துண்டில் கிழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். துணி மிகவும் பழசாகி, கிழிசல் பக்கவாட்டில் ஓடுகிறது என்றால் கிழிக்க வேண்டாம், கோடு போட்டு வெட்டுங்கள்.

அதற்குக் கீழே 13 இஞ்சில் நடு அடுக்கு, அதற்கும் கீழே 12¼ இஞ்சில் மேல் அடுக்கு. பிறகு ஒவ்வொன்றையும் 109, 73, 49 என்று நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 36 இஞ்ச் துணியில் மட்டும் மூன்றாவது வரிசைக்கு இடம் இருக்காது, நடு அடுக்கு வெட்டிய அதே வரிசையில் மிச்சமிருக்கும் நீளத்திலிருந்து மேல் அடுக்கை எடுங்கள். மீந்த துணியில் பைக்கு 7-க்கு 12 இஞ்சில் இரண்டு துண்டு எடுத்து, கீழ் மூலைகளை வளைவாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பையும் மேல் அடுக்கும்

பையை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விடாதீர்கள். ஃபோனும் சாவியும் கையிலேயே இருக்கும் என்று பழகிப்போய்விட்டது நமக்கு. ஒரு முறை பை வைத்த பாவாடை போட்டால் அப்புறம் பை இல்லாமல் தைக்கத் தோன்றாது.

மேல் அடுக்குத் துண்டின் இரண்டு பக்க ஓரமும் சேருகிற இடம் உங்கள் வலது பக்கம் வரும், அந்தத் தையலில்தான் பை. ஒரு பைத்துண்டை ஒரு ஓரத்தின் மேல், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்கும்படி வையுங்கள். பைத்துண்டின் மேல்முனை, அடுக்கின் மேல் விளிம்பிலிருந்து 1¾ இஞ்ச் கீழே இருக்கட்டும். ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தையுங்கள். மறு ஓரத்திலும் அதே உயரத்தில் இன்னொரு துண்டு. இரண்டையும் வெளியே திருப்பி இஸ்திரி போடுங்கள்.

இப்போது மேல் அடுக்கை நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்தால் இரண்டு பைத்துண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். மேலிருந்து அரை இஞ்ச் தையலில் ஆரம்பித்து, பைத்துண்டு தொடங்கி ஓர் இஞ்ச் வரை இறங்கி நிறுத்துங்கள். அங்கே கெட்டித் தையல், அதாவது இரண்டு மூன்று தையல் முன்னும் பின்னும் ஓட்டி நூலை இறுக்குவது. 6 இஞ்ச் திறப்பு விட்டுவிட்டு, அதற்குக் கீழே மறுபடி கெட்டித் தையலோடு ஆரம்பித்து அடுக்கின் அடி வரை. கடைசியில் பையின் வளைவைத் தனியாகச் சுற்றித் தைத்து மூடுங்கள். கைவிட்டுப் பார்த்தால் பை உள்ளே தொங்க வேண்டும்.

மற்ற இரண்டு அடுக்குகளையும் இதேபோல் ஓரம் சேர்த்து வளையமாக்கிவிடுங்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சுருக்கம்

இந்தப் பாவாடையின் அழகு முழுக்க இந்த ஒரு வேலையில் இருக்கிறது. சுருக்கம் சீராக விழுந்தால் துணி தானாக ஓடும். ஓரிடத்தில் கொத்தாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் இருந்தால் எவ்வளவு நல்ல துணியும் கோணலாகத் தொங்கும். அதனால் இங்கே மட்டும் அவசரப்படாமல் உட்காருங்கள்.

மெஷினில் தையல் நீளத்தை முழுசாகக் கூட்டுங்கள், எண் போட்ட மெஷினாக இருந்தால் 4 அல்லது 5. மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாபினில் துணிக்குப் பொருந்தாத வேறு நிற நூலைப் போடுங்கள், எதை இழுப்பது என்று அப்போதுதான் பளிச்சென்று தெரியும். சாதாரணக் காட்டனுக்கு 14-ஆம் எண் ஊசி, மெல்லிய மல் என்றால் 11.

நடு அடுக்கு வளையத்தை நாலாக மடித்து, மேல் ஓரத்தில் நாலு இடத்தில் சின்ன வெட்டுக் குறி வையுங்கள். இனி மேல் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு வரிசை, முக்கால் இஞ்ச் தள்ளி இன்னொரு வரிசை ஓட்டுங்கள். ஒரே மூச்சாகச் சுற்றி வர வேண்டாம். ஒவ்வொரு குறியிலும் நிறுத்தி, நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, புதிதாக ஆரம்பியுங்கள். முதல் தடவை 108 இஞ்சையும் ஒரே நூலில் ஓட்டி இழுத்தேன். முக்கால்வாசி சுருங்கியதும் நூல் அறுந்து, வைத்த சுருக்கம் எல்லாம் சரசரவென்று அவிழ்ந்துபோனது. கால் கால் பங்காகச் செய்தால் அறுந்தாலும் அந்தப் பங்கு மட்டும்தான் போகும்.

மேல் அடுக்கின் கீழ் ஓரத்திலும் நாலு குறி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கையும் நல்ல பக்கங்கள் சேரும்படி வைத்து, குறிக்குக் குறி குண்டூசி குத்துங்கள், பக்கத் தையல் பக்கத் தையலோடு சேரட்டும். இப்போது ஒரு பங்கில் இரண்டு வரிசையின் கீழ்நூலையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். 18 இஞ்ச் துணி 12 இஞ்சாகச் சுருங்க வேண்டும். அளவு சரியாக வந்ததும் நூல் முனைகளைக் குண்டூசியில் எட்டு மாதிரி சுற்றிவிட்டு, சுருக்கத்தை விரல் நகத்தால் தள்ளித் தள்ளிப் பரப்புங்கள். ஒவ்வொரு சுருக்கமும் தரைக்கு நேராக, சின்னச் சின்ன வாய்க்கால் மாதிரி இறங்க வேண்டும். சாய்ந்திருந்தால் மேலும் கீழும் பிடித்து ஒரு வெட்டு இழுத்தால் நேராகிவிடும்.

தையல் நீளத்தைப் பழையபடி குறைத்து, மேல்நூல் இறுக்கத்தையும் சரிசெய்துகொண்டு, சுருக்கம் உள்ள பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, இரண்டு வரிசைக்கும் நடுவே அரை இஞ்சில் தையுங்கள். மெதுவாக. கால் மெஷின் இந்த வேலைக்கு மோட்டாரைவிட நல்லது, வேகம் நம் காலிலேயே இருக்கிறது. சுருக்கம் மடங்கி உள்ளே போகாமல் இடது கை விரலாலோ ஊசி முனையாலோ ஒதுக்கிக்கொண்டே போங்கள். தைத்து முடித்ததும் நல்ல பக்கம் திருப்பிப் பார்த்து, கொத்தாக மாட்டிய இடம் இருந்தால் அந்த இரண்டு இஞ்சை மட்டும் பிரித்து மறுபடி தையுங்கள். முக்கால் இஞ்சில் போட்ட வரிசையை உருவிவிடுங்கள். அது விட்ட ஊசித் துளை துவைத்தால் மறையும்.

நடு அடுக்கின் கீழே கடைசி அடுக்கையும் இதே முறையில் சேருங்கள். இங்கே ஒவ்வொரு பங்கிலும் 27 இஞ்ச் 18 ஆக வேண்டும். கரை கீழே இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

உள்ளே வெட்டிய ஓரங்கள் பிசிறு விடும். ஜிக்ஜாக் உள்ள மெஷின் என்றால் அதில் அடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பக்கத்து டெய்லர் கடையில் ஓவர்லாக் அடித்துத் தருவார்கள், சில நிமிட வேலைதான். அப்புறம் தையல் ஓரத்தை இடுப்புப் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டு, வெளிப்பக்கம் தையலுக்கு ஒட்டினாற்போல் இன்னொரு வரிசை ஓட்டினால் கால் விரல் மாட்டிப் பிரியாது.

எலாஸ்டிக்

1 இஞ்ச் அகல எலாஸ்டிக். இடுப்பு அளவில் 2 இஞ்ச் குறைத்து எடுங்கள், முனைகள் சேர 1 இஞ்ச் கூட்டி வெட்டுங்கள். 32 இஞ்ச் இடுப்புக்கு 30 சுற்றளவு, வெட்டுவது 31. வெட்டுவதற்கு முன் அந்த அளவில் ஊக்குக் குத்தி இடுப்பில் போட்டுக்கொண்டு ஒரு வேளை சாப்பாடு முடியுங்கள். கழற்றிய பிறகு தோலில் வரி விழுந்திருந்தால் அரை இஞ்ச் தளர்த்துங்கள். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கறுத்த தடம் விழுந்த அம்மாக்களையும் அத்தைகளையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். இந்தப் பாவாடையிலும் அதே தடம் வர வேண்டியதில்லை.

மேல் விளிம்பை உள்பக்கமாக முதலில் ½ இஞ்ச், பிறகு 1¼ இஞ்ச் மடித்து இஸ்திரி போடுங்கள். மடிப்பின் கீழ் ஓரத்தில் சுற்றித் தையுங்கள், பின்பக்கம் 2 இஞ்ச் இடைவெளி விட்டுவிடுங்கள். பையின் மேல் ஓரத்தையும் இந்த மடிப்புக்குள் செருகித் தைத்துவிடுவது முக்கியம். ஃபோனின் கனத்தை இடுப்புப் பட்டி தாங்கும், பக்கத் தையல் இழுபடாது.

எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கு மாட்டி இடைவெளி வழியாக நுழைத்துத் தள்ளிக்கொண்டே போங்கள். மறுமுனை உள்ளே ஓடிவிடாமல் துணியோடு குண்டூசி குத்தி வையுங்கள். வெளியே வந்ததும் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். முனைகளை 1 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தைத்து, இடைவெளியை மூடுங்கள். துணியைச் சீராகப் பரப்பிய பிறகு, இரண்டு பக்கமும் பட்டியின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு சின்னத் தையல் போட்டால் எலாஸ்டிக் உள்ளே சுருண்டுகொள்ளாது.

புதுத்துணியில் தைத்திருந்தால் கீழ் ஓரத்தை அரை இஞ்ச், அரை இஞ்சாக இரண்டு மடிப்பு மடித்து அடித்துவிடுங்கள். அதற்கு முன் போட்டுப் பார்த்து நீளம் சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சேலையில் தைத்தவர்களுக்கு முந்தானையும் அதையொட்டிய பகுதியும் சேர்ந்து இரண்டரை மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். நைந்த இடத்தைத் தள்ளிவிட்டு, சின்னப் பெண் யாராவது வீட்டில் இருந்தால் இதே கணக்கில் சீட் அளவோடு 6 இஞ்ச் மட்டும் கூட்டி, இரண்டு அடுக்கில் ஒரு குட்டிப் பாவாடை எடுக்கலாம். ஃபால்ஸோடு மீந்த கீழ்க்கரைப் பட்டியை எறியாமல் வையுங்கள். ஃபால்ஸைப் பிரித்துவிட்டு அந்தப் பாவாடைக்கு இடுப்பு நாடா தைக்க அது சரியாக இருக்கும்.